பூக்காத செடியை விற்கிற அண்ணாச்சி

2024 தை மாதம் முதல் தடவையாக அந்தக் கடைக்குப் போனேன். கையில் ஆயிரம் ரூபாய், இரண்டு கட்டைப்பை. "இப்பம் ஒண்ணும் வாங்காதிய. ஆடி பொறந்த பொறவு வாங்க" என்று சொல்லி, வெறும் பையோடு பஸ் ஏற்றிவிட்டார் கடைக்கார அண்ணாச்சி. முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். "நாளைக்கு வாங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னை ஒருவர் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் வாசல் தோட்டம் மொத்தமும் போயிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டபோது, கரண்டும் சிக்னலும் இல்லாமல் அதுகூடத் தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. வடிந்தபின் பார்த்தால் கனகாம்பரம் வரிசையாகக் கறுத்துக் கிடக்கிறது, ரோஜா வெறும் குச்சி. அம்மா வைத்த பவளமல்லி மட்டும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அதுவும் இலையைத் தொங்கப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

சேரன்மகாதேவி போகிற சாலையில் முன்னீர்பள்ளம் தாண்டி, இடது கைப் பக்கம் ஒரு வேலிக்காத்தான் புதர் வரும். அதை ஒட்டி ஒரு தகரம், அதில் 'பூச்செடி கிடைக்கும்' என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கும். அவ்வளவுதான் போர்டு. கடைக்குப் பெயரும் கிடையாது, ரசீதும் கிடையாது. உள்ளே அரை ஏக்கர் இருக்கும். பச்சை நிழல்வலை பாதிக்கு மேல் கிழிந்து, அந்த இடத்தில் தென்னங்கீற்று போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அறுபது வயது சொல்லலாம். நான் போன முதல் நாளே என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். கண்ணாடியும் குடையுமாக ஒரு பொம்பளை பாளையங்கோட்டையிலிருந்து வந்தால் வேறு என்னவாக இருக்க முடியும்? இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன், மூன்றாவது தடவை விட்டுவிட்டேன்.

இந்தக் கடையைப் பற்றி எழுதக் காரணம், ஐப்பசிக்கு மேல் பூக்கிற செடிகளை இவரைப்போல விற்கிறவர்களை நான் பார்த்ததில்லை. பூத்திருக்கும் செடியை விற்க மாட்டார். கேட்டால் கோபம் வரும். "பூத்து நிக்கதைத் தூக்கிட்டுப் போனா ஒரு வாரம் கண்ணுக்கு அழகு. பொறவு என்னைத்தான் ஏசுவிய" என்பார்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்று படித்தோமே, அது நம் ஊருக்கு உள்ளது இல்லை. இங்கே வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசி கார்த்திகைக்குத் தமிழில் கூதிர் என்று பேர் வைத்திருக்கிறார்கள், குளிர்காற்றும் மழையும் சேர்ந்த காலம். தென்மேற்குப் பருவம் குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். ஆடி, ஆவணி முழுக்க மண்ணைக் கிளப்பும் அந்தக் காற்றும் புரட்டாசி வெயிலும் முடிந்து, அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை பிடித்த பிறகுதான் எங்கள் செடிகளுக்கு உயிர் வரும். மற்ற ஊர்க்காரர்கள் தோட்டத்தை மூடி வைக்கிற மாதத்தில் நமக்குத் தோட்டம் திறக்கிறது. மழை வரும்போது வேர் பிடித்து நிற்கிற செடி பூக்கும். அன்றைக்குப் பையிலிருந்து இறக்கிய செடி அழுகும். ஆடியில் வாங்கி, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் காற்றுக்கு முட்டுக் கொடுத்து வைத்தால், ஐப்பசியில் அது தானாகப் பார்த்துக்கொள்ளும்.

சரி, ஆடி பிறந்ததும் போனேன். எனக்கு ஒரு இலவச ஷோ நடந்தது. டிசம்பர் பூச் செடி ஒன்றை எடுத்து, பிளேடால் பையை ஒரே கீறாகக் கீறி, மண்ணோடு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மண் உருண்டையைச் சுற்றி வெள்ளை வேர், சேமியா மாதிரி. "இது பதம்" என்றார். இன்னொரு பையைக் கீறினார். அதில் வேர் பழுப்பாகி, அடியில் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடந்தது. "இது ரெண்டு வருசம் பையிலேயே கெடந்தது. மேல பாத்தா இதுதான் பெருசு. நீங்க இதைத்தான் எடுத்திருப்பிய." உண்மைதான், நான் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். கீறிய இரண்டு பைக்கும் காசு வாங்கவில்லை. பதமானதை வேறு பைக்கு மாற்றிக் கொடுத்தார்.

டிசம்பர் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இந்தக் கடையின் ராஜா அதுதான். சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை நெருங்கினால் பாதி ஜடையில் ஊதா நிறம் தெரியும். வாசனை சுத்தமாகக் கிடையாது. ஆனால் பூவின் காம்பு மாதிரி இருக்கிற குழல் நீளம், வாழைநாரில் வைத்துக் கட்ட அவ்வளவு வசதி. காலையில் பறித்தால் சாயங்காலம் வரை தலையில் நிற்கும், மறுநாள் துவண்டுவிடும். மொட்டு உட்காரும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இலைக்கக்கத்தில் ஓரமெல்லாம் பல் வைத்த சின்னச் சின்னச் செதில் இரண்டு, அதற்குள்ளே ஈர்க்குச்சி முனை மாதிரி சுருட்டிய மொட்டு. அந்தச் செதில் விரலில் குத்தும். கனகாம்பரமும் இதுவும் ஒரே குடும்பம். மஞ்சள் பூ பூக்கிற, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற செம்முள்ளியும் பங்காளிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையில் பூக்கிற நீலக்குறிஞ்சியும் அதே வீட்டுப் பிள்ளை. அதை நினைத்தால் ஆடியிலிருந்து ஐப்பசி வரை காத்திருப்பது ஒரு பெரிய விஷயமா?

ஐந்து செடி வாங்கினேன், ஒன்று முப்பது ரூபாய். ஒன்றரை அடி இடைவெளி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. அண்ணாச்சி சொன்ன விதி ஒன்றுதான்: பூ ஓய்ந்ததும் தை கடைசியில் ஒரு சாண் விட்டு வெட்டு, ஆடியில் நுனியைக் கிள்ளு, ஆவணி முடிந்தால் கத்தரியைத் தொடாதே. நுனியில்தான் மொட்டு வரும். நானும் பல வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் செடியையும் அழகாக வெட்டிவிட்டு, "இந்த வருஷம் பூவே இல்லை" என்று புலம்பியிருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. உரம் பற்றிக் கேட்டதற்கு, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நன்றாகத் தண்ணீர் கலந்து மாதம் ஒரு தடவை போதும் என்றார். யூரியா போட்டால் கீரைப்பாத்திதான் கிடைக்குமாம்.

முதல் வருஷம் நெல்லையப்பர் கோவில் ஐப்பசித் திருக்கல்யாணம் நடக்கும்போது முதல் பூ. கார்த்திகை தீபத்தன்று எண்ணிப் பார்த்தேன், ஐந்து செடியிலும் சேர்த்து நூற்றுப் பத்து. எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து "ஆச்சி, எனக்கு ஒரு முழம்" என்று கேட்டது. தலையில் வைக்க அல்ல, ஸ்கூலில் ஏதோ ப்ராஜெக்ட்டாம். இருக்கட்டும், கட்டிக் கொடுத்தேன்.

இதற்கு நேர்மாறான கதை எங்கள் மதினி வீட்டில் நடந்தது. அவர்கள் டவுனில் ஒரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், ஏசியெல்லாம் போட்ட கடை, ஆறு தொட்டிச் செவ்வந்தி வாங்கி வந்தார்கள். ஒன்று நூற்றைம்பது ரூபாய். தொட்டி தெரியாத அளவுக்குப் பூ. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், நானும் வாயைப் பிளந்தேன். பன்னிரண்டு நாள். அதற்கப்புறம் பூ பழுப்பாகி, செடி குன்னிப்போய், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டி மட்டும் மாடிக்குப் போனது. கடையில் கேட்டதற்கு "அது அப்படித்தான் மேடம், சீசன் பிளான்ட்" என்றார்களாம். வாங்கும்போது அதைச் சொன்னால் என்ன?

நான் அதே செவ்வந்தியை அண்ணாச்சியிடம் நாற்றாக வாங்கினேன், பத்து ரூபாய்க்கு ஒன்று. அதில் ஒரு வேடிக்கை. நாலு தொட்டியில் இரண்டை வாசலிலும் இரண்டைப் பின்னால் கிணற்றடியிலும் வைத்தேன். கிணற்றடித் தொட்டி கார்த்திகையில் மொட்டு விட்டது. வாசல் தொட்டி மார்கழி பிறந்தும் இலை மேல் இலையாக வளர்கிறது, மொட்டைக் காணோம். ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போடப் போனேன். "வாசல்ல லைட் எரியுதா?" என்று கேட்டார். எரிகிறது, வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட தெருவிளக்கு, பகல் மாதிரி வெளிச்சம். "அதுக்கு ராத்திரி நீளமா இருட்டா இருந்தாத்தான் பூக்கணும்னு தோணும் டீச்சர். நீங்க விடிய விடிய லைட்டைப் போட்டு அதைத் தூங்கவிடல." வாசல் தொட்டிகளையும் கிணற்றடிக்கு மாற்றினேன். தை பாதியில் பூத்தது. கிறிஸ்துமஸுக்கு வாங்குகிற சிவப்பு இலைச் செடி இருக்கிறதே, பாயின்செட்டியா, அதற்கும் இதே கதைதான். இருட்டு போதவில்லை என்றால் மேல் இலை சிவக்காது. அவர் கடையில் அதை வைப்பதில்லை. "நம்ம ஊரு சூட்டுக்கு அது நிக்காது" என்பார். பாளையங்கோட்டையில் டிசம்பர் வந்தால் அதைத் தேடுகிற வீடு எத்தனை! அந்த வியாபாரத்தை விடுகிறாரே என்று எனக்குத்தான் ஆற்றாமை.

பவளமல்லி எண்பது ரூபாய், இடுப்பு உயரம். அதன் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மேடு கட்டி வைக்கச் சொன்னார், வெள்ளத்தில் போனதைக் கேட்டுவிட்டு. தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது. நான் முக்கால் அடி மேடு கட்டி நட்டேன். இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியிலிருந்து வெள்ளென எழுந்து கதவைத் திறந்தால் தரையில் வெள்ளைப் பூவும் ஆரஞ்சுக் காம்புமாகக் கிடக்கிறது. கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்று அம்மா இந்த ஒரு பூவுக்குத்தான் விலக்கு கொடுப்பாள். அம்மா இப்போது இல்லை. பழைய செடி நின்ற இடத்திலேயே இதை வைத்திருக்கிறேன்.

குறை இல்லையா? இருக்கிறது, நிறையவே.

முதலில் கனகாம்பரம். டெல்லி கனகாம்பரம் பத்துச் செடி வாங்கினேன். பேர்தான் டெல்லி, நம் ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லோரும் வைப்பதுதான். சாதாரணக் கனகாம்பரத்தில் காய் காய்ந்ததும் தண்ணீர் பட்டால் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும், சின்ன வயதில் அதுதான் எங்கள் பட்டாசு. டெல்லியில் விதை வராது, குச்சி ஒடித்து வைத்தால்தான் உண்டு. பத்தில் ஆறு, மார்கழிக்குள் மஞ்சளாகிப் படுத்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு. நூற்புழு. அது அவர் மண்ணிலேயே வந்ததா, என் மண்ணில் இருந்ததா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வழக்கு தீரவில்லை. ஆறுக்கு மூன்று திருப்பிக் கொடுத்தார், கூடவே ஒரு கை கேந்தி (செண்டுமல்லி) நாற்றும். கனகாம்பர வரிசைக்கு நடுவில் கேந்தி வைத்து, குழிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போடச் சொன்னார். அப்படி வைத்தவை இன்றுவரை நிற்கின்றன. ஆனாலும் இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? டவுன் கடைக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயம் என்று நான் எழுத முடியாது.

அடுத்தது பை மண். குளத்துக் கரம்பையைக் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறார். ஈரமாக இருக்கும்போது அல்வா மாதிரி இருக்கும். காய்ந்தால் ஓடு. வீட்டில் கொண்டுவந்து இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால், மண் சுருங்கி வேரை இழுத்துக்கொண்டு விரிசல் விடும். நான் இப்போது வந்ததும் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கிவைத்து, குமிழி வருவது நின்ற பிறகுதான் கீறுகிறேன்.

பணம் கொடுப்பது இன்னொரு தலைவலி. ஸ்கேன் செய்ய அட்டை தொங்குகிறது, ஆனால் அந்த போன் மகன் கையில், மகன் கல்லூரியில். சில்லறை கொண்டுபோங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று நான் ஆறு செடியோடு ஏறியதும், "உங்களுக்கு ஃப்ரீதான் ஆச்சி, இந்தக் காட்டுக்கு யாரு டிக்கெட் எடுக்கது?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

பெரிய குறையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வெள்ளை டிசம்பர் பூ. ஐந்து செடியில் இரண்டு வெள்ளை என்று கேட்டுத்தான் வாங்கினேன். பூக்காத செடியில் நிறம் தெரியாது, அவர் வார்த்தைதான். வாயால் சொல்கிறாரே தவிர, ஒரு பையிலும் சீட்டு கிடையாது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, தினமும் மொட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் காலையில் விரிந்தால் ஐந்தும் ஊதா. அதில் ஒன்றும் அசிங்கமில்லை, ஆனால் எனக்கு வெள்ளைதானே வேண்டும்! அம்மா ஊதாவையும் வெள்ளையையும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டுவாள்.

போய்ச் சொன்னேன். அண்ணாச்சி சாதிக்கவில்லை. "குச்சி ஒடிக்கயில கலந்துபோச்சு" என்று ஒத்துக்கொண்டார். இரண்டாவது வருஷமும் அதே கதை, வெள்ளை என்று வந்தது இளஞ்சிவப்பு. அவருடைய வீட்டம்மாவே, "இவிய இப்பிடித்தான் அக்கா, எனக்கு எடுக்க சேலையிலயும் கலரு மாறிப்போவும்" என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால் நாலு கொடுப்பேன். நான் வாங்கியதில் நூற்புழு தின்றது போக மிச்சமெல்லாம் உயிரோடு இருக்கிறது. ஒரு தடவைகூட இப்போது வேண்டாததை என் தலையில் கட்டவில்லை. குறைத்த ஒன்று அந்த வெள்ளைக்காக.

போகிறவர்கள் ஆடி, ஆவணியில் போங்கள். டிசம்பர் பூ, பவளமல்லி, கனகாம்பரம், செவ்வந்தி நாற்று எல்லாம் அப்போது இருக்கும். இந்தக் கார்த்திகையில் சும்மா பார்க்கத்தான் போனேன். தாய்ச்செடிகள் வரிசையாகப் பூத்து நின்றன, வடக்கு வேலி ஓரம் ஒன்றே ஒன்று சுத்த வெள்ளை. அண்ணாச்சியிடம் சணல் வாங்கி, அதன் தண்டில் தபால் மூட்டைக்குப் போடுகிற முடிச்சாக நானே போட்டேன். இருபது ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறேன். தையில் அதில் ஒடிக்கிற முதல் ஐந்து குச்சி எனக்கு. அங்கே போனால் அந்தச் சணலை மட்டும் யாரும் அவிழ்த்துவிடாதீர்கள்.